பால் கணக்குப் புத்தகத்தின் பின்பக்கம்

முன்பக்கத்தில் பால்.
யாருக்கு எத்தனை ராத்தல், யார் தண்ணீர் கலந்தது,
எந்த நிரையில் மரம் வறண்டது.
புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பினால்
தொப்பளான்.

நாற்பத்தாறு, பிப்ரவரி.
சயாமிலிருந்து வந்து இரண்டே மாதம்.
இடது முழங்காலுக்குக் கீழே
ஒரு காசை நிறுத்திவைக்கலாம், அப்படி ஒரு குழி.
புண் ஆறிவிட்டதா என்றேன்.
"பந்துக்கு அது தெரியாது" என்றான்.
அன்று கம்போங் பாலி தோட்டத்துக்கு எதிராக இரண்டு.
முதலாவது வலது கால்.
அடுத்தது போனபோது
நான் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன்.
கத்தியவர்களை நம்பி எழுதிக்கொண்டேன்.

விடியுமுன் பெரட்டு.
முந்நூறு மரம், வாளி, தராசு,
நாலரைக்குத் திடல்.
முதல் வருடம் வெறுங்கால்.
அவன் வருவது
காதுக்கு முன்னால் மூக்குக்குத் தெரியும் என்பார்கள்
எதிரணிக் கோல்கீப்பர்கள்:
புளித்த பால் வாசம்
வலப்பக்கம் திரும்பும், இடப்பக்கம் போகும்.

நாற்பத்தேழில் பீடோர் பட்டணத்து அணி கேட்டது.
எங்கள் தண்டலுக்கு ஒரு பழைய சைக்கிள்.
அவனுக்கு மரவாடியில் வேலை,
இரண்டு அளவு பெரிய பூட்ஸ்.
தாள் திணித்து ஆடினான்.
பத்தொன்பது ஆட்டம், நாலு கோல்.
மழை நாளில் தாள் ஊறிக் கூழாகி
அவனே கால்மாற்றி ஓடுவதுபோல் இருந்ததாம்.
திரும்பி வந்தான்.
சைக்கிள் திரும்பவில்லை.

அந்த வருடக் கடைசியில் வந்தவர் சின்னத் துரை அக்ராய்ட்.
தம் ஊரில் மூன்றாம் டிவிஷன் ஆடியவர்.
சண்டை முடிந்து பதினோரு ஆட்டம்,
ஒரு கோல்,
பிறகு ஒரு கடிதம்,
பிறகு கப்பல்.
பந்தை வைத்துக்கொண்டு யோசிப்பார்.
"தொரே! இங்க! இப்ப!"
ஞாயிற்றுக்கிழமை தொண்ணூறு நிமிடம்
தொப்பளான் துரையை அதட்டலாம்.
துரையும் ஓடிவந்து கொடுப்பார்.
திங்கள் பெரட்டில்
ஒருவர் வாசிப்பார் பெயரை,
ஒருவன் கையைத் தூக்குவான்.

ஒரு ராத்திரி, பிராந்தி வாடையோடு
ஆபீசுக்குள் வந்தவர்
பின்பக்கத்தை விளக்கடியில் பார்த்தார்.
எதுவும் கேட்கவில்லை.
என் பென்சிலை வாங்கி,
தொப்பளானுக்குக் கீழே நாலு வரி இடம் விட்டு,
அக்ராய்ட், 11, 1 என்று எழுதினார்.
அடுத்த வருடம் கென்யாவுக்குப் போய்விட்டார்.
அந்த நாலு வரியில்
நான் எதையும் எழுதவில்லை.

ஐம்பத்தொன்று. அவசரகாலம்.
கோப்பை இறுதியாட்டம்.
ஆறு மணிக்கு மேல் வெளியில் நின்றால் சுடலாம்.
கோல் கம்பத்துக்குப் பின்னால் ராணுவ லாரி
எஞ்சினை அணைக்காமல் நின்றது.
ஒன்றுக்கொன்று.
ஐந்து ஐம்பத்திரண்டு,
தொப்பளான் தலையால் மோதினான்,
வலை உப்பியது,
விசில் அதற்கு முன்னாலா பின்னாலா,
நடுவருக்கே தெரியாது.
அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.
எல்லோரும் ஓடினார்கள், வென்றவர்கள் யாரென்று இல்லாமல்.
லயத்துக்குள் கதவடைத்து,
விளக்கைத் தாழ்த்தி,
ஒன்று என்று எழுதினேன்.

ஐம்பத்து மூன்றில் முழங்கால் மடங்க மறுத்தது.
ஈப்போவிலிருந்து கணக்குப் பரிசோதகர்
புத்தகத்தைச் சிவப்பு மையோடு திருப்பியனுப்பினார்:
பின்பக்க எண்கள் எதற்குரியவை? விளக்கவும்.
"பாலுக்கு அல்ல" என்று பதில் போட்டேன்.

மொத்தம் அறுபத்தொன்று என்று
தவறணை வேலியோரம் அவனிடம் சொன்னேன்.
வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு
நேரம் எடுத்து யோசித்தான்.
லாரி நின்ற அன்றைய கோலைத்தான்
கேட்பான் என்று நினைத்தேன்.

"கம்போங் பாலி ரெண்டாவது.
அது நான் அடிக்கல.
அவுங்க பேக்கு காலுல பட்டுப் போச்சு.
கழிச்சிரு."

சுற்றிலும் மூவாயிரம் ஏக்கர்.
அழிக்க ரப்பர் இல்லை என்றேன்.